பத்து நிமிடத்தில் முப்பத்தொரு சம்மதம்: எம். புதுப்பட்டிக்குப் போய்வந்த கதை

போன ஆகஸ்ட்டில் நான் சிவகாசிப் பக்கம் போனது கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ, மலிவு விலையில் பட்டாசு வாங்கவோ இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்த இரண்டு வரி மின்னஞ்சல்தான் என்னை ரயிலேற்றியது. பெங்களூரில் ஒரு தொலைமருத்துவ நிறுவனத்துக்கு ஒப்பந்தம் எழுதும் வக்கீல் நான். "வீடியோவுல டாக்டரப் பாக்கதுக்கு வக்கீல் எதுக்குட்டி?" என்று அம்மா இன்றுவரை கேட்கிறாள். இந்தப் பதிவைப் படித்தால் அவளுக்குப் பதில் கிடைக்கும். படிக்க மாட்டாள், அது வேறு விஷயம்.

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனி, தன் தொழிலாளர்களுக்காக எங்களோடு ஓர் ஏற்பாடு செய்திருந்தது. எங்கள் நர்ஸ் அங்கே முகாம் போட்டு, கண், தோல், பழைய தழும்பு என்று முப்பத்தொரு பெண்களைப் பரிசோதித்தார். வைத்தியம் பார்ப்பவர் மதுரையில் இருக்கும் ஒரு டாக்டரம்மா. அவருக்குச் சிக்கலாகத் தோன்றும் தழும்புகளுக்கு மட்டும் ஜெர்மனியில் ஒரு நிபுணர் கருத்துச் சொல்வார். அதற்காக எல்லோருடைய போனுக்கும் ஒரு செய்தி போனது: 'என் படங்களை வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன்.' கீழே ஒரு பச்சைப் பட்டன். முப்பத்தொரு பேரும் அமுக்கிவிட்டார்கள். அலுவலகத்தில் கேக் வெட்டாத குறைதான்.

முதல் ஆளாக ஒரே ஒரு பெண்ணின் படங்கள் ஜெர்மனிக்குப் போயின. நிபுணர் பார்த்துக் கருத்தும் எழுதிவிட்டார். அதற்குள் அவருடைய மருத்துவமனையின் சட்ட அதிகாரி கண்ணில் ஒன்று பட்டுவிட்டது. 'எல்லாச் சம்மதங்களும் பத்து நிமிடத்துக்குள், ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. விளக்கம் வரும்வரை அந்தக் கருத்தைப் பூட்டி வைக்கிறோம்.' மேலாளர் என்னைப் பார்த்து, "உங்க ஊர்ப் பக்கம்தானே, போயிட்டு வந்திடுங்களேன்" என்றார்.

என் ஊர்ப் பக்கமேதான். பிறந்து வளர்ந்தது விருதுநகர். அப்பா போனபின் அம்மா தம்பியோடு கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஊருக்குப் போக ஒரு சாக்கும் இல்லாமல் வருடங்கள் ஓடிவிட்டன. வேலை என்ற பெயரில் போவதில் அவ்வளவு ஆசை இருந்தது என்பது டிக்கெட் எடுக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது.

பெங்களூரில் இரவு ஒன்பது மணி வாக்கில் தூத்துக்குடி ரயில். ஸ்லீப்பர் 395 ரூபாய். விருதுநகரில் காலை எட்டரைக்கு இறங்கினேன். இட்லியும் காபியும் 55 ரூபாய். பஜார் பக்கம் ஒரு நடை போனேன். மல்லியும் வத்தலும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறியதும் இரண்டு தும்மல், கண்ணில் தண்ணீர். தும்மலால் வந்த தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பஜாரில் இப்போது செல்போன் உறை விற்கும் ஒரு கடை, அந்த நாளில் எஸ்.டி.டி. பூத். அப்பாவுக்கு இழுப்பு இருந்தது. சிவகாசியில் அச்சகத்தில் மை நெடியில் வேலை. மழைக்காலம் வந்தால் மூச்சு விசில் அடிக்கும். மதுரையிலிருக்கும் டாக்டருக்கு அந்தப் பூத்திலிருந்து போன் போடுவோம். "ரிசீவரை நெஞ்சில் வை" என்பார் டாக்டர். பூத்துக்கார அண்ணாச்சி ரிசீவரை அப்பாவின் சட்டைக்குள் நுழைத்துப் பிடித்துக்கொண்டு, "மூச்ச இழுங்க... விடுங்க" என்று தாமே கட்டளை போடுவார். மீட்டரில் சிவப்பு எண் ஓடும். வெளியே வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் அப்பாவின் மூச்சைக் கேட்டபடி நிற்பார்கள். மாத்திரைப் பெயரை அண்ணாச்சியே துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். எங்கள் குடும்பத்தின் முதல் தொலைமருத்துவம் அதுதான். அதில் எந்த ஒப்பந்தமும் கிடையாது. அந்த மூச்சுச் சத்தத்தை ஒருமுறை, ஒரே ஒருமுறை கேட்க முடிந்தால் போதும் என்று அந்தக் கடை வாசலில் நின்றபோது இருந்தது.

விருதுநகரிலிருந்து சிவகாசி ஏறக்குறைய 28 கிலோமீட்டர், திருத்தங்கல் வழி. பஸ் கட்டணம் 25 ரூபாய், நேரம் ஐம்பது நிமிடம். ஜன்னலோரம் கிடைத்தது. அந்த ஐம்பது நிமிடத்தில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் சிவகாசியில் இறங்கிக்கொள்ளலாம்.

தொலைமருத்துவச் சட்டத்தின் தலைவலியெல்லாம் ஒரே கேள்விதான். டாக்டர் ஓரிடம், நோயாளி ஓரிடம். அப்படியானால் யார் யார் வீட்டுக்குப் போனதாகக் கணக்கு? அமெரிக்காவில் டாக்டர்தான் நோயாளி வீட்டுக்கு வந்ததாகக் கொள்வார்கள். நோயாளி எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த மாநிலத்தின் உரிமம் பொதுவாக டாக்டரிடம் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படியே தலைகீழ். நோயாளிதான் டாக்டர் வீட்டு வாசலுக்குப் போனதாகக் கணக்கு. டாக்டர் இருக்கும் நாட்டின் சட்டம் பேசும். சிங்கப்பூர்க்காரர்கள் டாக்டரோடு நிற்பதில்லை, சேவை நடத்தும் நிறுவனமே உரிமம் வாங்க வேண்டும் என்பார்கள். ஒரே ஒப்பந்தத்தை மூன்று நாட்டுக்கும் அனுப்பினால் மூன்று இடத்திலும் அடி வாங்கும்.

நம் நாட்டு நெறிமுறைப்படி, இங்கே பதிவு பெற்ற டாக்டர்தான் நோயாளிக்கு வைத்தியம் சொல்லலாம். இருவருக்கும் ஒருவரை ஒருவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டும். நோயாளியே டாக்டரைக் கூப்பிட்டால் சம்மதம் அதிலேயே அடக்கம் (ஆக, அப்பா சட்டப்படிதான் மூச்சு விட்டிருக்கிறார்). நர்ஸோ டாக்டரோ தொடங்கினால், வெளிப்படையாகக் கேட்டு வாங்கிப் பதிய வேண்டும். அதனால்தான் எங்கள் ஒப்பந்தத்தில் ஜெர்மன் நிபுணர் மதுரை டாக்டரம்மாவிடம் மட்டும் பேசுவார். நோயாளியிடம் மருத்துவம் பேசக் கூடாது. முடிவும் பொறுப்பும் மதுரைக்கு. ஆனால் படம் ஜெர்மனிக்குள் நுழைந்துவிட்டால் அங்குள்ள தனியுரிமைச் சட்டமும் கூடவே ஒட்டிக்கொள்ளும். மனமறிந்து தராத சம்மதம் அங்கே சம்மதமே அல்ல. இது சட்ட ஆலோசனை இல்லை, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனைக்குட்டம் விலக்கு வந்ததும் சட்டம் மறந்துபோயிற்று. எட்டாம் வகுப்பில் அந்த அணைக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். தண்ணீரே இல்லை. "ஷட்டரப் பாருங்க" என்றார் சார். நாங்களும் மூன்று மணி நேரம் ஷட்டரைப் பார்த்துவிட்டுப் புளிச்சோறு சாப்பிட்டுத் திரும்பினோம். அதைப் போல ஒரு சந்தோஷமான சுற்றுலா அதற்குப் பிறகு நான் போனதில்லை.

சிவகாசியில் பேருந்து நிலையம் அருகே லாட்ஜ், மின்விசிறி அறை ஒரு நாளைக்கு 700 ரூபாய். தெருவில் இறங்கினால் காலண்டர் சீசன். அச்சகங்களின் தடதடப்பும் மை நெடியும். அப்பா அழுக்குத் துணிப்பையில் கொண்டுவரும் கழிவுத் தாள்களில்தான் என் நோட்டுகளுக்கெல்லாம் அட்டை. வண்ணம் விலகிப்போன மயில், இரண்டு மூக்குள்ள புலி, பட்டாசுப் பெட்டி லேபிள்கள். கணக்கு நோட்டில் 'பாதுகாப்பான தூரத்தில் நின்று கொளுத்தவும்' என்று இருந்தது. கணக்கு டீச்சருக்கு அதில் கோபம்.

எம். புதுப்பட்டிக்கு நகரப் பேருந்து உண்டு, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கம்பெனி ஊருக்கு வெளியே காட்டுக்குள் என்பதால் ஆட்டோ பிடித்தேன், 350 ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் என்னை அளந்தார்.

"இன்ஸ்பெக்சனுக்கா மேடம்?"

"இல்லண்ணே, ஒரு கையெழுத்து வாங்க."

"அவுகளும் அப்படித்தான் சொல்லுவாக" என்று வேகத்தைக் கூட்டினார்.

பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஒரு பொறி போதும். அதனால் வாசல் கொட்டகையில் கட்டம் கட்டமாக ஒரு மரத்தட்டு, கட்டத்துக்கு ஒரு நம்பர், அதில் போன்கள். காவல் காப்பவர் வேலுச்சாமி அண்ணன், அறுபது வயது இருக்கும். அந்தத் தட்டைப் பார்த்ததும் பாதி விளங்கியது. மீதியை அவரே சொன்னார்.

"பொம்பளைக உள்ள போகும்போது எங்கிட்டதான குடுத்துட்டுப் போவாக. சத்தம் வந்தா நான் எடுப்பேன். பள்ளிக்கூடத்துல பிள்ளைக்குக் காய்ச்சல்னா நடந்து போயி ஷெட்டுல சொல்லிருவேன். கேஸ் வண்டிக்காரன்னா சாயங்காலம் வாடேம்பேன். எல்லா போனும் எனக்குத் தொறக்கத் தெரியும் மேடம், அவுகளே சொல்லித் தந்ததுதான்."

"அன்னைக்கு முகாம் மெசேஜ் வந்துச்சே?"

"ஆமா! அம்புட்டுப் போனும் ஒரே நேரத்துல கதறுது. பதறிப்போயிப் பாத்தா, மருத்துவ முகாம்னு போட்டிருக்கு, பச்சைப் பட்டன் இருக்கு. நல்ல காரியம், லேட்டானா பேரு விட்டுப் போயிருமேன்னு வரிசையா அமுக்கிட்டேன். ஒண்ணு கூட விடல." மார்பு நிமிர்ந்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும். முப்பத்தொரு பெண்களின் சார்பில், மனமறிந்து, தானாக, ஒரு வாட்ச்மேன் சம்மதித்திருக்கிறார். இதற்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் பிரிவு கிடையாது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். முப்பது பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அண்ணன் அமுக்குனா நாங்க அமுக்குன மாதிரித்தான், குடுங்க" என்று புதிதாக எழுதிய சம்மதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான். செல்வராணி. ஜெர்மனிக்குப் போனது இவருடைய படங்கள்.

முப்பது வயதிருக்கும், ராக்கெட் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலை. தாடையிலிருந்து நெஞ்சுவரை தழும்பு, கழுத்துத் தோல் சுருங்கி முகத்தைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது. பேசும்போது விழியை மட்டும் மேலே உருட்டிப் பார்த்தார். "பட்டாசுல வெந்ததுன்னுதான் எல்லாரும் நெனைக்காக. இல்ல யக்கா, வீட்டு அடுப்பு" என்றார். பெண்கள் ஒரு செம்புத் தண்ணீரைக் கைமாற்றி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். செம்பு செல்வராணியைத் தாண்டிப் போனது. அவரால் அண்ணாந்து குடிக்க முடியாது. தனியாக ஒரு டம்ளர் வைத்து வாய்வைத்து உறிஞ்சினார். "எச்சி பண்ணிக் குடிக்கேன்னு சொல்லுவாகன்னு விசேச வீட்டுக்குக்கூடப் போறதில்ல. ஒரு செம்புத் தண்ணிய அண்ணாந்து குடிச்சாப் போதும் எனக்கு" என்றார். டாக்டரம்மாவுக்கு அறுவை சிகிச்சை செய்ய ஆசைதான். தோலை எங்கிருந்து எடுத்து எப்படி வைப்பது என்று ஜெர்மன்காரர் சொல்லாமல் கைவைக்கத் தயங்கினார். அந்தப் பதில்தான் அங்கே பூட்டிக் கிடந்தது.

"படத்துல நெஞ்சும் தெரியும் யக்கா. மதுரை டாக்டரம்மா பொம்பளைன்னு நர்ஸம்மா சொன்னாக, சரின்னேன். அந்தச் சீமை டாக்டரு ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பளை" என்றேன்.

சோற்றுச் சட்டியை மூடிவிட்டார். கொட்டகை ஓரம் நின்ற வேலுச்சாமி அண்ணனுக்கும் கேட்டுவிட்டது. "தாயி, நான் முகாம்னு நெனச்சுத்தான்..." என்று ஆரம்பித்தார்.

"உங்க மேல ஒண்ணுமில்லண்ணே. இனிமே என் போனத் தொறக்காதீக."

கிழவர் முகம் சுருங்கியதைப் பார்க்க முடியவில்லை. செல்வராணிக்கென்று அலுவலகம் தனியாக ஒரு தாள் கொடுத்தனுப்பியிருந்தது: 'முன்பு நான் அளித்த சம்மதத்தை உறுதி செய்கிறேன்', பழைய தேதியில். இதில் கையெழுத்துப் போட்டால் பூட்டு உடனே திறக்கும். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "அன்னைக்கு நான் சம்மதிக்கலையே. சம்மதிச்சேன்னு எப்படி எழுத?" தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்து மேலாளருக்குப் போன் போட்டேன். "ஒரு கையெழுத்துதானேங்க, அவங்க நல்லதுக்குத்தானே. எப்படியாவது பேசி வாங்குங்க" என்றார். வேலுச்சாமி அண்ணனும் நல்லதுக்குத்தான் அமுக்கினார். அவர் தெரியாமல் செய்தார், இவர் தெரிந்தே செய்யச் சொல்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், பழைய தேதி போட்டா அந்த ஜெர்மன் அதிகாரி நம்ம ரெண்டு பேர் வேலையையும் சேர்த்துப் பூட்டுவார்" என்றேன். நியாயம் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார். வேலை போகும் என்றதும் கேட்டுக்கொண்டார்.

திரும்பிப் போய், "உங்களுக்கு என்ன செஞ்சாச் சரியா இருக்கும், சொல்லுங்க" என்று செல்வராணியிடம் கேட்டேன். அவருக்கு யோசிக்க நேரமே தேவைப்படவில்லை. "பழைய படத்த அழிக்கணும். அழிச்சிட்டேன்னு அந்தாளு என் முகத்தப் பாத்துச் சொல்லணும். பெறகு பாப்போம்." அதையே, அவர் சொன்ன தமிழிலேயே, தாளில் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினேன். பன்னிரண்டு வருடத்தில் நான் எழுதிய ஷரத்துகளில் ஒரு வார்த்தைகூட விலக்க முடியாதது அதுதான்.

மறுநாள் மதியம் ஒரு மணி, ஜெர்மனியில் காலை ஒன்பதரை. கம்பெனி வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வீடியோ. திரையின் ஒரு கட்டத்தில் மதுரை டாக்டரம்மா, இன்னொன்றில் நரைத்த தலையோடு ஜெர்மன் டாக்டர். போனை நான் இடுப்பு உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்தேன். அப்போதுதான் செல்வராணியால் பார்க்க முடிந்தது. ஜெர்மன் டாக்டர் தன் பெயரையும் ஊரையும் வேலையையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, படங்களை அழித்ததைத் திரையிலேயே காட்டினார். டாக்டரம்மா தமிழில் சொன்னார். செல்வராணி வெகுநேரம் அந்த முகத்தைப் பார்த்தார்.

"என் கழுத்து நிமிருமான்னு அவருட்ட கேளுங்க."

டாக்டரம்மா அதை ஆங்கிலத்தில் சொன்னதும் ஜெர்மன் டாக்டர் வாயைத் திறந்தார். நான் கையைக் குறுக்கே நீட்டினேன். நோயாளியிடம் அவர் மருத்துவம் பேசக் கூடாது. நான் எழுதிய வரிதான். அவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். அவருக்குப் பதில் தெரியும், கேட்டவர் எதிரில் இருக்கிறார், நடுவில் என் ஒப்பந்தம். என் எழுத்தின் மேல் எனக்கே அவ்வளவு எரிச்சல் வந்ததில்லை.

டாக்டரம்மாதான் பேசினார். "செல்வராணி, கழுத்து மட்டும் தெரியற மாதிரி புதுசா படம் எடுப்போம். அவர் எனக்குச் சொல்வார், நான் உங்களுக்குச் சொல்வேன். அனுப்பலாமா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க."

"நர்ஸம்மா எடுக்கட்டும். எடுத்ததும் முதல்ல எனக்குக் காட்டணும்" என்றார் செல்வராணி. அன்று சாயங்காலமே நர்ஸ் வந்து எடுத்துக் காட்டினார். புதிய சம்மதச் செய்தியின் பச்சைப் பட்டனை அமுக்க செல்வராணியின் போன் வேண்டும். வேலுச்சாமி அண்ணன் தட்டிலிருந்து அதை எடுத்துவந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினார். செல்வராணி வாங்கி, கோடு போட்டுத் திறந்து, தானே அமுக்கினார்.

இரவு விருதுநகர் வந்து எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டேன், மூன்று பரோட்டாவும் சால்னாவும் 90 ரூபாய். அப்பா இருந்தால் நான்கு சாப்பிட்டிருப்பார், இழுப்போடு.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. தீபாவளிக்கு முந்தைய மாதம் லாட்ஜ் கிடைக்காது. பட்டாசுக் கம்பெனிகளைச் சுற்றிப்பார்க்க முடியாது, கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். அரைநாள் மிச்சமிருந்தால் வெம்பக்கோட்டை நீர்த்தேக்கத்துக்குப் போங்கள். வீடியோவில் டாக்டரைப் பார்ப்பவர்கள், அவர் பெயரையும் பதிவெண்ணையும் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. படம் யாருக்குப் போகிறது என்று படித்துவிட்டு அமுக்குங்கள். அடுத்தவர் நன்மைக்காக அவர் போனில் நீங்கள் அமுக்காதீர்கள். பெரும்பாலும் நாமெல்லாம் வீட்டில் பெரியவர்கள் போனில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இதைத் தாமதமாக எழுத ஒரு காரணம் உண்டு. சீசன் முடிந்தபின் செல்வராணிக்கு மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. போன வாரம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. வீட்டு முற்றத்தில் நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, செம்பை ஒரு முழம் உயரத்தில் பிடித்துத் தண்ணீர் குடிக்கிறார். பாதி வாயில், பாதி கழுத்தில், தழும்பு முழுக்க நனைந்து பளபளக்கிறது. கூடவே குரல் பதிவு:

"யக்கா, இத அந்த டாக்டருக்கு அனுப்புங்க. வேலுச்சாமி அண்ணனுக்கு நானே காட்டிட்டேன். நீங்க எழுதுறதுலயும் போட்டுக்கோங்க, யாரு வேணாலும் பாக்கட்டும். இப்ப நான் சம்மதிக்கேன்."